ஒரு சக்கரம் இறக்கினால் போதும்

ஐப்பசி மழை விட்ட மத்தியானம். வெள்ளகோவிலிலிருந்து திருப்பூருக்குப் பஞ்சுப்பொதி ஏற்றிப்போகும் லாரியில், டிரைவர் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தார் ஒரு வண்டிக்குத்தான் அகலம். எதிரே வண்டி வந்தால், ஆளுக்கொரு பக்கத்துச் சக்கரத்தை மண்ணில் இறக்கி விலகிக்கொள்வதுதான் வழக்கம்.

இப்போது எதிரே வரும் கார் இறங்கவேயில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டு நடுத்தாரிலேயே வருகிறது. சென்னியப்பன் லாரியை முழுசாக மண்ணில் இறக்குகிறார். கார் வேகம் குறையாமல் போய்விடுகிறது. எங்கள் சக்கரங்கள் அச்சுவரை சேற்றில் புதைந்துவிட்டன.

கீழே குதித்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அந்த ஆளும் ஒரு சக்கரத்தை எறக்குனா என்னவாம்?"

"புதுக் காருங்க. சேறு பட்டுருமில்லீங்க."

"நீங்களும் எறக்காம நேரா விட்டிருக்கணும்."

"முன்சீட்டுல ஒரு கொழந்தை நின்னுட்டு வந்துச்சுங்க. பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

தாரில் நின்றபடி, புதைந்த சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பின்னால் இன்னொரு காரின் ஹாரன். சென்னியப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்குகிறார். நாலு சக்கரமும் தாரிலேயே இருக்க, அந்தக் காரும் எங்களைக் கடந்து போகிறது.