சாயம் போட்ட ஸ்வெட்டர்

அந்த மார்கழியில் நைனா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிருந்த அண்ணனுக்கு வேலை நிலைக்கவேண்டும் என்பதுதான் வேண்டுதல். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டியும் மெல்லிய கறுப்புச் சட்டையுமாக, சைக்கிளில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் கிளம்புவார். கார்வேட்டிநகரம் ரோட்டுக்கு வரும் தனியார் பால் வேன் யாருக்காகவும் நிற்காது. பனி முகத்தில் அடிக்கும். ஏற்கெனவே வீசிங் இருக்கிற உடம்பு. நெஞ்சில் குளிர் பட்டால் ஆபத்து என்று புத்தூர் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

சால்வை போர்த்திப் பார்த்தார். அது செயினில் மாட்டி, பாலோடு விழுந்து எழுந்து வந்தார். பிறகு தெலுங்குப் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு போனார். அதைக் கேள்விப்பட்ட அண்ணன் பார்சலில் ஒரு ஸ்வெட்டர் அனுப்பினான். நல்ல கனமான கம்பளி நூல். ஆனால் ரத்தச் சிவப்பு.

"மாலை போட்டவன் செவப்பு உடுத்தலாமா சாமி?" என்றார் குருசாமி. சொன்னவர் கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அம்மா சளைக்கவில்லை. வெளுத்த பாவாடைக்குச் சாயம் போடுவதுபோலக் கறுப்புச் சாயத்தையும் கல் உப்பையும் தவலையில் போட்டு, ஸ்வெட்டரை நன்றாகக் கொதிக்க வைத்தாள். கம்பளி நூலைக் கொதிக்க வைக்கக்கூடாது என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? வேகவைத்தால்தான் சாயம் ஏறும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாயம் அருமையாக ஏறியது. ஸ்வெட்டர்தான் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவுக்குச் சுருங்கி, சாக்கைப்போல விறைத்துக்கொண்டது.

"இது இன்னாடி இப்பிடி ஆயிடிச்சி?" என்று அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நைனா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டான். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டான்.

"அளவா கீதுப்பா. நல்ல சூடு" என்றார் நைனா. இருமல் வந்துவிடாமல் இருக்க வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

"ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா வேலய வுட்டு அனுப்பிக்கினு கீறாங்க நைனா" என்று அண்ணன் சொன்னது பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"பயப்படாத. நான் மாலை போட்டுக்கினு கீறேன் இல்ல?"

மறுநாள் விடியுமுன் எழுந்து பார்த்தேன். வீட்டில் இருந்த ஒரே கறுப்புக் கம்பளியை அம்மா நடுவில் வெட்டித் தலை நுழைய ஓட்டை போட்டிருந்தாள். மாலை போட்ட நாளிலிருந்து அவள் நைனாவைத் தொட்டதில்லை. சாமி என்றுதான் கூப்பிடுவாள். அன்று சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"கைய தூக்கு சாமி."

"தொடக்கூடாது."

"எனக்கும் தெரியும். கைய தூக்கு."

கம்பளியை அவர் தலை வழியாக மாட்டி, காற்று புகாமல் இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். நைனா எங்கேயோ பார்த்துக்கொண்டு, "விரதம் கெட்டு அவன் வேல போயிடிச்சின்னா?" என்றார்.

"போனா போவட்டும். புள்ள வூட்டுக்கு வருவான் இல்ல? நான் அதத்தான் வேண்டிக்கினு கீறேன்" என்றாள் அம்மா.

நைனா பால் கேன்களின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பனிக்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். நெஞ்சு பிழைத்தது. மலைக்கும் போய்வந்தார்.

நைனாவின் வேண்டுதல்தான் பலித்தது. அண்ணனுக்கு வேலை போகவில்லை. இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறான்.