சாமி முதலில் சொன்ன வின்ச்

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். கயிற்றைச் சுற்றிப் பாரம் தூக்கும் வின்ச் வைத்து மணல் ஏற்றுகிறார்கள். அதன் கிரீஸ் வாசம் எங்கள் பூஜையறை வரைக்கும் வருகிறது. திருநீறு பூசிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முருகன் மன்னிக்கட்டும், மனசு அவனை விட்டுவிட்டு அருள்புரத்துக்குப் போய்விட்டது.

தொழில் தொடங்கிய புதிதில் அங்கே ஒரு மாடியில் நாலு மிஷின் போட்டுப் பனியன் தைத்தோம். கீழே வந்திறங்கும் துணி ரோலை என் மனைவி சரசுதான் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுவாள். நான் தூக்கலாமே என்று கேட்காதீர்கள், என் முதுகு அப்போதே மக்கர். சரசுக்கு வயிற்றில் ஆபரேசன் ஆனதும், இனி தூக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, வின்ச் வாங்கிவிடுவோம் என்று கிளம்பினேன்.

கடைக்கார அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். இரண்டு வின்ச்சை எடுத்து வைத்தார். ஒன்றில் கைப்பிடி ஒரு சுற்று, கயிறு சுற்றும் உருளையும் ஒரு சுற்று. நல்ல வேகம். இன்னொன்றில் சின்னப் பல்சக்கரம் பெரிய பல்சக்கரத்தைத் தள்ளும். பத்துச் சுற்று சுற்றினால் உருளை இரண்டு சுற்றுதான் வரும், ஆனால் கைக்குப் பாரமே தெரியாது.

"பல்லுக்குள்ள நாக்கு மாதிரி ஒண்ணு விழுந்து பிடிச்சுக்கிடும். கைய விட்டாலும் நிக்கும், மத்ததுல அது கிடையாது. இதையே கொண்டு போங்க."

எனக்கோ வேகத்தின் மேல் கண். எங்கள் பக்கத்தில் கல்யாணமோ கிணறோ, கோயிலில் பூக் கேட்காமல் செய்யமாட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, சாமி முன்னால் ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் மெதுவானது, சிவப்பு வந்தால் வேகமானது என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளை வந்தது. சாமிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். வெள்ளை. மூன்றாவது தடவை சிவப்பு வந்தது பாருங்கள், கும்பிட்டுவிட்டு வேகமானதை வாங்க ஓடினேன்.

முதல் நாள். மாடியில் நான் சுற்றுகிறேன், கீழே சரசு ரோலைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிற்கிறாள். ரோல் பாதி உயரம் வந்திருக்கும். கண்ணில் இறங்கிய வேர்வையைத் துடைக்கக் கையை எடுத்தேன். கைப்பிடி பேய் பிடித்த மாதிரி சுழன்றது. ரோல் அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

எனக்கு எட்டிப் பார்க்கவே பயம். பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, எத்தன வாட்டி பூக் கேட்டீங்க?"

"மூணு வாட்டி."

"மொத வாட்டி என்ன வந்துச்சு?"

"வெள்ளை."

"அந்த முருகன் பாவமுங்க, உங்ககிட்ட மாட்டிக்கிட்டாரு."

மறுநாளே மாற்றி வாங்கினேன். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பல்சக்கரம் வைத்ததை எடுத்துக் கொடுத்தார். ஆனால் சரசு அதன்பிறகு என்னை நம்பவில்லை. ஒவ்வொரு ரோலும் அவள் இடுப்பு உயரத்துக்கு வந்ததும், "நில்லுங்க, கைய விடுங்க பாக்கலாம்" என்பாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். ரோல் அசையாமல் தொங்கும். "ம், சுத்துங்க" என்றுவிட்டுத் தள்ளிப் போவாள். இதைப் பார்க்கவே எதிர் கம்பெனிக்காரர்கள் டீ டம்ளரோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

இப்போது வீரபாண்டியில் எங்கள் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. ரோலைத் தள்ளி, கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கினால் மேலே போய்விடுகிறது. சரசு ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனில் நூல்காரரை விரட்டிக்கொண்டிருக்கிறாள். கைய விடுங்க பாக்கலாம் என்று என்னை அண்ணாந்து பார்க்க, கீழே யாரும் இல்லை.