தானாக ஓடிய சில்லு

சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைத்தது. உரும்பிராயில் தண்ணீர் இறைக்க எஞ்சின் வைத்திருந்தவர்களின் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, முன்பு மலாயாவில் எஞ்சினியராக இருந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து சேர்ந்தார். எண்ணெய் வேண்டாம், மாடு வேண்டாம், தானாகவே சுற்றித் தண்ணீர் இறைக்கும் சக்கரச் சில்லு ஒன்று செய்துவிட்டாராம். பள்ளிச் சோதனையில் தவறிவிட்டு வீட்டில் இருந்த என் மூத்த மகன் அவரிடம் வேலை பழகப் போனான்.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். எதையும் எரிக்காமல், எவரும் உழைக்காமல் எந்தச் சில்லும் ஓயாமல் சுற்றாது என்று அவனுக்குச் சொன்னேன்.

"நீங்கள் பழைய புத்தகத்தை வைச்சுக் கதைக்கிறியள் அம்மா."

சிறுவயதிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு. தூசிக்குள் நிற்காதே என்றேன். அதற்கும் சிரித்தான்.

சில்லைச் சனத்துக்குக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்து வளவுக்குப் போனேன். பலகை மேடையில் பெரிய மரச்சில்லு சுற்றியது. அதனோடு பூட்டிய பல்ப் எரிந்தது. கைதட்டல் ஓயவில்லை. மகனைத்தான் காணவில்லை. கேட்டபோது, "தம்பி கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிட்டார்" என்றார் எஞ்சினியர்.

கொஞ்ச நேரத்தில் பல்ப் மங்கியது. மேடைக்குக் கீழே விசில் போல ஒரு சத்தம். அவன் குழந்தையாக இருந்த காலந்தொட்டு நான் விழித்திருந்து கேட்ட சத்தம்.

"என்ரை பிள்ளை கீழை இருக்கிறான்!"

"உது சில்லு காத்து இழுக்கிற சத்தம் ரீச்சர். பயப்பிடாதையுங்கோ" என்றார் எஞ்சினியர்.

"ரீச்சருக்குச் சில்லும் பிள்ளையாத் தெரியுது" என்று எவனோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் மேடையில் ஏறிப் பலகையைக் கிளப்பினேன். கீழே மண்ணில் வெட்டிய ஒரு கிடங்கு. அதற்குள் நிறுத்திய சைக்கிளில் ஏறியிருந்து மகன் மிதித்துக்கொண்டிருந்தான். உதடெல்லாம் நீலம்.

இரண்டு பேர் அவனைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். மூச்சு வந்ததும், "கெடுத்துப்போட்டியளே அம்மா" என்றான். "கொழும்பாலை பேரிங் வந்திட்டால் தானாய் ஓடும். அதுவரைக்கும்தான் நான் மிதிக்கிறன்."

இவ்வளவையும் கண்ணால் கண்ட சனம் அந்த ஆளைச் சும்மா விடாது என்று நினைத்தேன். வெங்காயக்காரர் ஒருவர் அவரிடம் போய்ப் பணிவாகக் கேட்டார்.

"ஐயா, பேரிங் எப்ப வரும்?"

எஞ்சினியர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மகன் கேட்க விரும்பினான். தன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த என் கையைத் தள்ளிவிட்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பினான்.