படிக்கலாம், பதில் போட முடியாது

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் நான் நடத்திய ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாரும் வைத்திருக்கும் பெரிய பிரவுசரைத் திறந்தால் அது அப்படியே உறைந்துபோய்விடும். அதனால் ஒரே பிளாப்பியில் அடங்கும் சின்ன பிரவுசர் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். படங்களை நிறுத்திவிட்டால், எங்கள் நோஞ்சான் போன் லைனிலும் மெயில் திறக்கும்.

சந்தை நாளில், அதே மலையில் குண்டூர் நாடு என்ற பகுதியிலிருந்து ஒரு பெண் வருவார். கணவர் கட்டட வேலைக்கு வளைகுடாவுக்குப் போயிருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அவர் அனுப்பும் மெயிலை நான் சத்தமாகப் படிப்பேன். இந்த அம்மா சொல்வதை அப்படியே அடித்து அனுப்புவேன்.

அவர்கள் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்மதமா என்று கேட்டு ஆள் அனுப்பினால், சந்தை நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம். பெண் கேட்பதும் இப்படித்தான், நிலம் குத்தகைக்குக் கேட்பதும் இப்படித்தான். சரி என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

ஒரு சந்தை நாளில் மெயிலைத் திறந்தால், 'உங்கள் பிரவுசரை இனி நாங்கள் ஆதரிப்பதில்லை. சிறந்த அனுபவத்துக்குப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்' என்று வந்தது. என்ன ஒரு மரியாதை! அதை இறக்க எங்கள் லைனுக்கு ஒரு ராத்திரி போதாது. இறக்கினாலும் என் கம்ப்யூட்டர் தாங்காது.

சின்ன பிரவுசரில் ஒரு வசதி இருந்தது. தன்னைப் பெரிய பிரவுசர் என்று அது பொய் சொல்லும். அப்படி மாற்றியதும் மெயில் பெட்டி திறந்துகொண்டது. பக்கம் சின்ன பிரவுசரிலும் சரியாகத்தான் தெரிந்தது. பெயரைப் பார்த்துத்தான் துரத்தியிருக்கிறார்கள்.

கணவரின் மெயில் இருந்தது. "இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. சந்தையன்னைக்கு ராத்திரி கையெழுத்துப் போடணும். இருக்கட்டுமா, வரட்டுமா?"

அந்த அம்மா யோசிக்கவே இல்லை.

"வரச் சொல்லிப்போடுங்கண்ணா. களியோ கஞ்சியோ இங்கயே குடிச்சுக்கலாமுங்க. புள்ளைக்கு அப்பன் மொகமே மறந்துபோச்சுங்க."

பதில் பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். புது மெயில் எழுதும் பொத்தானும் அப்படியே கிடந்தது. அந்த நிறுவனத்துக்கே குறை எழுதலாம் என்று போனால், குறை சொல்லும் பக்கமும் என் பிரவுசரை ஆதரிக்கவில்லையாம். தூ! துப்ப இடமில்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

வேறு மெயில் முகவரி தொடங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. போன் லைன் செத்தது. நாமக்கல் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது. கணவர் தங்கியிருந்த இடத்துக்குப் போன் நம்பர் கிடையாது.

"வெள்ளன மொத பஸ்ல போய் அனுப்பிடறேன் அம்மிணி" என்றேன்.

"இன்னைக்குச் சந்தை நாளுங்களே அண்ணா" என்றார்.

மறுநாள் காலை நாமக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில், பளபளவென்ற புது கம்ப்யூட்டரில், 'வேண்டாம், வந்துவிடுங்கள்' என்று அடித்தேன். கண் இமைப்பதற்குள் போய்விட்டது.

அடுத்த சந்தைக்கு அந்த அம்மா வந்தபோது கணவரின் மெயில் வந்திருந்தது. படிக்க மட்டும் எங்களுக்கு அனுமதி உண்டல்லவா, படித்தேன்.

"ராத்திரி வரைக்கும் பாத்தேன். நீ வேண்டாம்னு சொல்லலை. சம்மதம்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன். உன் மெயிலைக் காலையிலதான் பாத்தேன். மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருப்பது ஒரு எழுத்தும் அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நான் அன்னைக்கே சொன்னேனுங்களே. நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன் அம்மிணி."

"அப்ப அதையாச்சும் எழுதிப்போடுங்கண்ணா. நான் சும்மா இருக்கலைன்னு."

பொத்தானை அழுத்தினேன். திரை அப்படியே இருந்தது. அந்த அம்மா, போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கூடையை எடுத்தார்.