பூவரசு இலைப் பூச்சியும் சாரங்கபாணி வாத்தியாரின் ஜீவகாருண்யமும்

தென்திருப்பேரையில் பிறந்து, தூத்துக்குடிப் பள்ளிக்கூடம் ஒன்றில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த சாரங்கபாணி ஐயங்காருக்கு யுத்த காலத்தில் ஒரே ஒரு ஆசைதான். ஒரு பூச்சிக்குத் தன் பெயரை வைத்துவிட வேண்டும். அரிசி கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று ஊரே லோல்பட்டுக்கொண்டிருந்தது. மனுஷருக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. பிள்ளை இல்லாத வீடு, பூச்சியாவது பேர் சொல்லட்டுமே என்று நினைத்தாரோ என்னவோ.

பூச்சியும் கிடைத்துவிட்டது. பூவரசு இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே குடியிருந்துகொண்டு, பச்சையை மட்டும் சுரண்டித் தின்று, போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகும் ஒரு புழு. கூடு கட்டி அந்துப்பூச்சியாக வெளியே வந்தால் நொய்யரிசி அளவுதான் இருக்கும். கோடு விழுந்த இலையை வடக்கே ஒரு பூச்சி நிபுணருக்கு அனுப்பினார். இது புதிய இனமாக இருக்கலாம், இருந்தால் உங்கள் பெயரையே வைக்கலாம் என்று அவர் பதில் எழுதினார். ஆனால் இனம் சொல்வது இறகில் உள்ள புள்ளியையும் பட்டையையும் பார்த்துத்தானாம். தூள் உதிராத முழுப் பூச்சி ஒன்று வேண்டும், அது எங்கே வாழ்கிறது என்றும் எழுத வேண்டும்.

எங்கே வாழ்கிறது என்பதில்தான் முதல் மனக்கசப்பு. தென்திருப்பேரை நந்தவனத்துப் பூவரசுகளை வாத்தியார் கிளை கிளையாகப் புரட்டினார். பெருமாள் சன்னதிக்குப் பக்கத்தில் வாழும் பூச்சி என்று எழுதினால் எவ்வளவு கௌரவம்! ஒரு இலையில்கூடக் கோடு இல்லை. பூச்சிக்கு ஆசாரம் போதாது. தூத்துக்குடித் திரேஸ்புரத்தில், மீன் விற்கும் கித்தேரியம்மாள் வீட்டுக்குப் பின்னால், கருவாடு காயும் இடத்தில் நின்ற ஒற்றைப் பூவரசில் மட்டும்தான் அது குடியிருந்தது. மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு போய் இலை பறித்து வந்தார்.

இரண்டாவது சங்கடம் அதைவிடப் பெரிது. தானாகச் செத்த பூச்சி உதவாது. கண்ணாடிப் புட்டியில் முட்டி மோதி, இறகுத் தூளையெல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் சாகும். வெளியே வந்த கையோடு குளோரோபார்ம் காட்டிக் கொன்றாக வேண்டும். வாத்தியாரோ எறும்புக்கு வழிவிட்டு நடக்கிறவர். ஆனால் படித்தவர் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். மூடியின் உள்ளே பஞ்சை ஒட்டி மருந்தை ஊற்றுவது ரசாயனம். பூச்சியைப் புட்டிக்குள் விட்டு வலைத்துணி கட்டுவது விஞ்ஞானம். துணியை எடுத்துவிட்டு மூடியை மூடுவது மட்டும்தான் கொலை. அதைக் கித்தேரி செய்யட்டும். தினம் கூடை கூடையாக மீன் விற்கிறவளுக்கு ஒரு நொய்யரிசிப் பாவம் கூடினால் என்ன குடிமுழுகிவிடும்? அவளும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். தன் வீட்டுக் கொல்லைப்புறத் துவைகல்லில் புட்டியை வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொள்வார், அவள் வந்து மூட வேண்டும் என்று ஏற்பாடு. இதை அவர் மனைவி பூமாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் முறத்தில் ரேஷன் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் தலையில் இடி விழுந்தது. மீன்பிடி வள்ளத்துக்கு மரச்சட்டம் வைக்க வேண்டுமென்று கித்தேரியின் புருஷன் அந்தப் பூவரசை வெட்டிவிட்டான். வள்ளக்காரன் பூவரசு வளர்ப்பதே அதற்குத்தானே, பூச்சி வளர்க்கவா? வாத்தியார் கையில் மிஞ்சியது இலையோடு ஒட்டிய ஒரே ஒரு கூடு. அதிலிருந்து பூச்சி வெளியே வந்தது பெரிய வெள்ளிக்கிழமை காலையில்.

அடித்துப் பிடித்துக்கொண்டு திரேஸ்புரம் ஓடினார். கித்தேரி மாதா கோயிலுக்குக் கிளம்பி நின்றாள். அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. மீனைக் கையால் தொட ஆளில்லை.

"ஆண்டவர் மரிச்ச நாளு, வாத்தியாரய்யா. இன்னைக்கு ஈ எறும்பைக்கூட நசுக்க மாட்டோம். ஞாயித்துக்கெழமை கழிச்சு வாரேன்" என்றாள்.

திரும்பும் வழியில் மளிகைக்கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தார். அண்ணாச்சி பங்குனி உத்திரத்துக்குத் திருச்செந்தூர் நடக்க விரதம் இருந்தார். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். பாவம் செய்யக்கூடியவர்கள் என்று இவர் நம்பியிருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கென்று பார்த்துச் சாதுவாகிவிட்டார்கள்; என்ன அநியாயம் பாருங்கள்! வீட்டுக்கு வந்தால் பூச்சி வலைத்துணியில் மோதத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இறகு போச்சு, இறகு போனால் பேர் போச்சு.

சாரங்கபாணி துணியை எடுத்தார். நாராயணா என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு புட்டியையும் மூடினார். கண்ணைத் திறந்து பார்த்தபோது, விளிம்புவரை ஏறி வந்திருந்த பூச்சி மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே கூழாகிக் கிடந்தது. இறகு எது, கால் எது என்று தெரியவில்லை. மனுஷர் அழுதே விட்டார். பூச்சிக்காக அழுதார் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் விசாரித்தவர்களிடம், மீன்காரியின் முரட்டுக் கை, வெள்ளிக்கிழமை வந்து நசுக்கித் தொலைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். பொய் சொல்வது உயிர்வதையில் சேராதே. அந்தப் பேச்சு அன்றைக்கே திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தது. ஆண்டவர் மரித்த நாளில் உயிரைக் கொன்றவள் என்று தெருவே கித்தேரியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் அவள் கூடை இல்லாமல் வந்தாள். கொல்லைப்புறம் போகவில்லை, நேரே வாசலில் வந்து நின்றாள்.

"பெரிய வெள்ளியன்னைக்கு நான் கொன்னேன்னு சொன்னியளாமே?"

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் பூமா வெளியே வந்துவிட்டாள்.

"மூடினது இவர்தான். கண்ணை மூடிண்டு மூடினார். நான் பாத்துண்டுதான் இருந்தேன்" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மானமுள்ள மனுஷன் என்றால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இவரோ படியிறங்கி வந்து, அந்தப் பூவரசின் அடிமரம் இன்னும் நிற்கிறதா, மறுபடியும் துளிர்க்குமா என்று ஆவலாகக் கேட்டார்.

கித்தேரி சேலை முந்தியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"துளிர்க்கும், வாத்தியாரய்யா. வந்து பறிச்சுக்கிடுங்க. மூடியை மட்டும் நீங்களே மூடிக்கிடுங்க. அதான் பழகிட்டியளே."