திண்டுக்கல்லில் ஒரு பாலே டீச்சர்

மற்ற வாத்தியார்கள் எல்லாம் பிள்ளைகளின் தலைக்குள் எதையாவது ஏற்றப் பார்ப்பவர்கள். காலுக்குள் ஏற்றப் பார்க்கிற ஒரே ஜாதி டான்ஸ் டீச்சர்கள்தான். நீங்களும் அந்த ஜாதியா? அப்படியென்றால் ஆண்டு விழா என்ற சொல்லைக் கேட்டதும் நீங்களும் காலண்டரைப் புரட்டி நாள் எண்ணுவீர்கள். டான்ஸ் டீச்சரைக் கட்டிக்கொண்டவராக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காருங்கள். பரதம், கரகம் சொல்லிக்கொடுத்தவர்களுக்காவது ஊருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும் நிம்மதி உண்டு. நான் எண்பதுகளில் திண்டுக்கல்லில் சொல்லிக்கொடுத்தது பாலே. வெள்ளைக்காரர்கள் நுனிக்காலில் நின்று ஆடுவார்களே, அது.

லேட்டாக வந்தவள்

எங்கள் அப்பாவுக்கு சாணார்பட்டிப் பக்கம் தோட்டம், மாமரம், கடலைச் சாகுபடி. கல்லூரிப் படிப்புக்காக என்னை பெங்களூரில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பினார். அத்தை வீட்டுத் தெருவில் ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவர் பாலே வகுப்பு நடத்தினார். எல்லோரும் அவரை மிஸ் என்பார்கள். பியானோச் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கப் போனவள், அங்கேயே சேர்ந்துவிட்டேன். என் வரிசையில் நின்றதெல்லாம் பால்பல் விழாத குழந்தைகள். அவர்கள் ரப்பர் மாதிரி வளைவார்கள், நான் விறகுக்கட்டை மாதிரி நிற்பேன். ஆட வராததால், மற்றவர்கள் ஆடுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஒரு சிறுமி சுற்றும்போதெல்லாம் விழுந்துகொண்டே இருந்தாள். மிஸ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நான் பின்னாலிருந்து, "சுண்டுவிரல் பக்கம் சாயறா மிஸ்" என்றேன். கட்டைவிரல் பக்கம் பாரத்தை மாற்றச் சொன்னதும் அவள் விழாமல் சுற்றினாள். மிஸ் என்னைத் தனியாக அழைத்தார். ஆட்டக்காரியாகும் என் கனவு அந்த நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் என்னவோ அழுகையே வரவில்லை. ஆண், பெண் யாரையும் 'மேன்' என்றே கூப்பிடும் அவர் சொன்னது இதுதான்: "நீ லேட் மேன், ரொம்ப லேட். ஆனா உன் கண்ணு லேட் இல்லே. டீச்சர் ஆயிடு."

ஏலே

டீச்சர் பயிற்சியின் கடைசியில் ஒரு பரீட்சை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வயதான அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். நாம் அவர் முன்னால் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். பாலேயில் எல்லாச் சொல்லும் பிரெஞ்சு. 'ப்ளியே' என்றால் முட்டியை மடக்க வேண்டும். 'எலெவே' என்றால் குதிகாலைத் தூக்கி எழும்பி நிற்க வேண்டும். அம்புட்டையும் உருப்போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

"ப்ளியே" என்றேன். அழகாக மடங்கினார்கள். ஒருத்தன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதற்றத்தில் என் வாயில் பிரெஞ்சு போய்ச் சாணார்பட்டி வந்துவிட்டது. "ஏலே!" என்று ஒரு சத்தம் போட்டேன். மொத்த வகுப்பும் குதிகாலைத் தூக்கி எழும்பி நின்றது. "ஏலே, அது இல்ல" என்றேன். இன்னும் உயரமாக எழும்பினார்கள். நான் ஏலே, ஏலே என்று கெஞ்சக் கெஞ்ச அந்தப் பிள்ளைகள் கூரையைத் தொடுகிற மாதிரி நின்றார்கள். தேறமாட்டேன் என்றே நினைத்தேன். அந்த அம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "குழந்தைகளை எழுப்புவது உனக்கு நன்றாக வருகிறது. இறக்குவதற்கும் ஒரு சொல் கண்டுபிடி."

சுவரோடு ஒரு குழாய்

ஊருக்குத் திரும்பியதும் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் என்னை எடுத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரீ. "ஒரு வருசம் பாப்போம் எஸ்தர். ஆண்டு விழாவுல பெத்தவங்களுக்குப் பிடிச்சா வகுப்பு இருக்கும். இல்லேன்னா நீங்க தையல் கிளாஸுக்கு மாறிக்கணும்" என்றார். எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே வராது. அந்த ஒரு வருஷமும் தையல் மெஷினைப் பார்த்தாலே பயம்தான்.

பாலே பழகுகிறவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கச் சுவரோரமாக ஒரு கம்பி வேண்டும். அதற்குப் பெயர் 'பார்'. "எனக்கு ஒரு பார் வேணும் சிஸ்டர்" என்றதும் அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். விளக்கிச் சொன்ன பிறகு, தெருவை ஒட்டிய பழைய கூடத்தில் இரும்புக் குழாய் மாட்ட அனுமதி கிடைத்தது. குழாய் வேலை செய்கிற சின்னச்சாமி அண்ணன் இடுப்பு உயரத்துக்குச் சுவர் நெடுக மாட்டினார். திண்டுக்கல்லில் அப்போது தண்ணீர் என்றைக்கு வரும் என்று ஜோசியக்காரனுக்குக்கூடத் தெரியாது. தெருவழியாகக் குழாயைத் தூக்கிப்போனதைப் பார்த்த பெண்கள் மறுநாள் காலையில் குடத்தோடு வரிசை கட்டிவிட்டார்கள். ஜன்னல் வழியாக எங்கள் பிள்ளைகள் குழாயைப் பிடித்துக் காலைத் தூக்குவதை அவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். முன்னால் நின்ற அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆடட்டும் டீச்சர், பிள்ளைக ஆடி முடிக்கட்டும். நாங்க செத்த நேரம் நிக்கிறோம். தண்ணி எப்ப வரும்னு மட்டும் சொல்லிருங்க."

பாக்கியம் டீச்சரின் கணக்கு

அதே கூடத்தின் மறுபாதியில் பாக்கியம் டீச்சர் டிரில் எடுப்பார். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, குரல் மலைக்கோட்டை வரை கேட்கும். அவர் "லெஃப்ட், ரைட்" என்பார், நான் "ஒன், டூ, த்ரீ" என்பேன். அவர் பிள்ளைகள் என் கணக்குக்கும் என் பிள்ளைகள் அவர் கணக்குக்கும் ஆடி, கூடத்தின் நடுவில் மோதிக்கொள்வார்கள்.

ஒரு நாள் அவர் விசிலை எடுத்துவிட்டு நிஜமான அக்கறையோடு கேட்டார்: "எஸ்தர், மனுசப் பிறவிக்குக் கால் ரெண்டுதானம்மா. நீ ஏன் மூணு மூணா எண்ணுற?"

காதர் பாயின் ஷூ

பாலே ஷூ பெங்களூரிலிருந்து வரவழைக்க வசதியில்லை. தோலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஷூவுக்கு ஏன் அலைய வேண்டும் என்று, பேகம்பூரில் செருப்பு தைக்கும் காதர் பாயிடம் போனேன். என் ஷூவை மாதிரிக்குக் கொடுத்தேன். பாவம் டீச்சர் இப்படி மெலிசான ஷூவை வாங்கி ஏமாந்துவிட்டார் என்று நினைத்திருப்பார் போல. நல்ல கெட்டியான அடி வைத்து, ஆணி அடித்துக் கொண்டுவந்தார். பிள்ளைகள் போட்டுக்கொண்டு குதித்தபோது லாடம் கட்டிய மாடுகள் தார்ரோட்டில் போகிற மாதிரி இருந்தது.

துணி மாதிரி மடங்க வேண்டும், தரையின் சூடுகூடக் காலுக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். ஆட்டுத்தோலில் மறுபடி தைத்தார். அற்புதமாக இருந்தது. ஒரு ஷூவைச் சுருட்டிக் கைக்குள் மூடிக்கொண்டு அவர் பெருமூச்சு விட்டார். "அல்லாவே! இம்புட்டு காலமா 'கல்லு மாதிரி இருக்கும்'னு சொல்லி வித்தேன். இப்ப 'கசங்கிப்போகும், நம்பி வாங்குங்க'ன்னு சொல்ல வச்சிட்டீங்களேம்மா!"

ஆண்டு விழா

என் வகுப்பின் முதல் வரிசைப் பெண் வாசுகி. சின்னாளபட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அப்பா தறி நெய்பவர். அம்மா நாகலட்சுமி நூலுக்குக் கஞ்சி போடுவதில் கெட்டிக்காரர். குடை மாதிரி விரிந்து நிற்கும் பாலே பாவாடைக்கு நான் வாங்கியது கொசுவலைத் துணி. அது ஈரக் கோழி மாதிரித் தொங்கியது. நாகலட்சுமி அக்கா எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப்போய், கஞ்சியில் முக்கிக் காயவைத்துக் கொண்டுவந்தார். தரையில் வைத்தால் ஆளில்லாமலே பாவாடைகள் நின்றன. கீழே முழுக்கால் வெள்ளைப் பேண்ட் இருந்ததால் பெற்றோர் பக்கமும் சமாதானம்.

அன்று சாயங்காலம் மைதானம் நிறைய ஜனம். டேப் ரெக்கார்டரைப் போட்டேன். பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். பாதியில் கரண்ட் போனது. பாட்டு இழுத்து, முனகி, நின்றது. என் கண் முன்னால் தையல் மெஷின் ஓடியது. மேடையில் எல்லாப் பிள்ளைகளும் உறைந்து நின்றார்கள், வாசுகியைத் தவிர. அவள் நிறுத்தவே இல்லை. மங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தில், சத்தமே இல்லாமல், தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேடைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட பாண்டு டிரம் முழங்கியது. பாக்கியம் டீச்சர்! லெஃப்ட் ரைட் இல்லை, டம்-டக-டக, டம்-டக-டக என்று அச்சு அசலாக மூன்று. கூடத்தின் மறுபாதியிலிருந்து ஒரு வருஷமாகக் கேட்டுக்கேட்டே பிடித்திருக்கிறார். மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெட்ரோமாக்ஸ் வருவதற்குள் மைதானமே மூன்று எண்ணித் தட்டியது.

நான் மேடைக்குப் பின்னால் பாக்கியம் டீச்சரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் டிரம்மை விடாமல் அடித்தார். முடிந்ததும் சிஸ்டர் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "எஸ்தர், அடுத்த வருசமும் இதையே வைங்க. கரண்ட் மட்டும் வேண்டாம்."

எத்தனை மாடு?

வேலை நிலைத்ததும் அப்பா மாப்பிள்ளை பார்த்தார். பழனிப் பக்கம் கீரனூரிலிருந்து வந்தார்கள். விவசாயக் குடும்பம், பையன் ஸ்கூல் வாத்தியார். "பொண்ணு என்ன பண்ணுதுங்க?" என்று பையனின் அம்மா கேட்க, கூட வந்த தரகர் "பாலேங்க" என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "பாலுங்களா! நல்ல தொழிலுங்க. எத்தன மாடுங்க?" எங்கள் அப்பா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மனிதர். "ரெண்டு. ஒண்ணு சினையா இருக்கு" என்றார்.

நான் காபியோடு வந்தபோது பேச்சு புண்ணாக்கு விலைக்குப் போயிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைதான் சந்தேகப்பட்டு என்னிடமே கேட்டார். "நுனிக்கால்ல நின்னு ஆடுறதுங்க. பிள்ளைகளுக்குச் சொல்லித் தாரேன்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம் ஆனது. அந்தச் சட்டைக்காகவே கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா கையைப் பிசைந்தார். வருங்கால மாமியார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆடுனா ஆடட்டுமுங்க, அதுக்கென்ன. மாடு ரெண்டு இருக்குதுங்கறது நெசந்தானுங்களே?"

இரும்புச் சாவி

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய் மாடர்ன் டான்ஸ் பயிற்சி முடித்து வந்தேன். பாலே வானத்தைப் பார்க்கும், மாடர்ன் டான்ஸ் தரையைப் பார்க்கும். விழ வேண்டும், உருள வேண்டும், வயிற்றை உள்ளிழுத்துச் சுருண்டு எழ வேண்டும். வீட்டில் யாருமில்லை என்று நினைத்து ஒரு மத்தியானம் பழகிக்கொண்டிருந்தேன். மாமியார் ஊரிலிருந்து வந்து வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை.

அவருக்கு வலிப்பென்று பட்டிருக்கிறது. "ஐயோ, எஸ்தரு!" என்று ஓடிவந்து, கதவில் தொங்கிய பெரிய திண்டுக்கல் பூட்டின் சாவியை உருவி என் கையில் திணித்தார். என் கையை மூடிப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார். நான் எழுந்து உட்கார்ந்து, இதுவும் டான்ஸ்தான், இதற்குத்தான் அரசாங்கப் பரீட்சை மாதிரி ஒன்று எழுதினேன் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டார். சாவியைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. "நீயே வெச்சுக்க கண்ணு. நாளைக்கும் உழுவீல்ல?"

வாசுகியின் அப்பா

வாசுகி பள்ளி முடித்தாள். எனக்குப் பிரசவ விடுப்பு வந்தபோது சின்னப் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒருத்தியையும் திட்டாமல், தொட்டுத் திருத்துவாள். பெங்களூரில் மிஸ்ஸிடம் டீச்சர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அவளே என்னிடம் கேட்டாள். அவளுடைய பெரியப்பாவும் சொந்தக்காரர்களும் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும், பேசத் தயார் பண்ணிக்கொண்டு சின்னாளபட்டிக்கு பஸ் ஏறினேன்.

பேசவே வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார். "காலைத் தூக்கி ஆடுறதப் படிக்கப் பெங்களூரா? நாளப்பின்ன எவன் கட்டுவான்?" வாசுகியின் அப்பா மாரியப்பன் தறிக்குழியில் உட்கார்ந்து, காலால் மிதிகட்டையை மிதித்து நெய்துகொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் அவர் பேசி நான் கேட்டதில்லை. நாகலட்சுமி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வாசுகி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

அவள் பெங்களூர் போனதும், தேறியதும், இப்போது கோயம்புத்தூரில் எனக்கு இருந்ததைவிடப் பெரிய கூடத்தில் வகுப்பு நடத்துவதும் பிறகு நடந்தவை. எல்லாம் முடிவானது அந்தத் தறிக்குழியில்தான். மாரியப்பன் தறியை நிறுத்தினார், தன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "நானும் நாள் முச்சூடும் காலாலதான் மிதிக்கேன். நான் மிதிச்சா தொழிலு, எம்மக மிதிச்சா தப்பா? அவ போறா."

ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளை நுனிக்காலில் நிற்க வைத்துச் சம்பளம் வாங்கிய நான், இப்போது மூட்டுவலித் தைலத்தோடு காலை நீட்டி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதை என் மாணவிகள் யாரிடமும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.