கணக்கு டீச்சர் கொடுத்த அரைமணி

கணக்கு டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் காலையில் அரைமணி நேரம் பிள்ளைகள் பிடித்த புத்தகத்தைத் தாங்களே படிக்கட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அந்த அரைமணி கணக்கு வகுப்பிலிருந்துதான் போனது.

"பாடமே முடியல, இதுல கதைப்புத்தகம் ஒரு கேடா?" என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளினார். ஆனாலும் தினமும் வகுப்பில் உட்கார்ந்து காவல் காத்தார்.

கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. கூட்டல், பெருக்கலில் புலி. ஆனால் நாலு வரியில் ஒரு கணக்கை எழுதிக் கொடுத்தால் பென்சிலை மென்றுகொண்டே உட்கார்ந்திருப்பாள். சோம்பேறி என்று டீச்சர் முடிவுகட்டியிருந்தார். முதலில் அவள் விலங்குப் படங்களைப் புரட்டினாள். பிறகு வரிக்கு வரி விரல் வைத்து முணுமுணுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் விரலும் போய், முணுமுணுப்பும் போய், ஏதோ ஒரு பக்கத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நாலு வரித் தண்ணீர்த் தொட்டிக் கணக்கை அவளே போட்டுக்கொண்டு வந்து நீட்டினாள்.

"யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாருமில்ல மிஸ். முன்னாடியெல்லாம் கடைசி வரிக்கு வர்றதுக்குள்ள முதல் வரி மறந்துடும். இப்ப மறக்கல."

டீச்சருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வாசிக்கத் தடுமாறிய பிள்ளையைச் சோம்பேறி என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தார்! அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பரீட்சை நெருங்கியதும், அந்த அரைமணியைத் தனக்குத் தரும்படி அறிவியல் டீச்சர் கேட்டு வந்தார்.

"வேணும்னா என் கணக்கு வகுப்ப எடுத்துக்கோங்க. அந்த அரைமணியில மட்டும் கை வைக்காதீங்க" என்றார் கணக்கு டீச்சர்.